நீர் என்று கூப்பிடும் நாள்

(திருகோணமலையில் உயர்தர வகுப்பு மாணவர்களுக்கான சிறுகதைப் பட்டறையில் ஆற்றிய உரை)

பிள்ளைகளே, வணக்கம்.

நீங்கள் எழுதித் தந்த கதைகளை மூன்று இரவு இருந்து வாசித்தேன். பாதிக்கு மேல் காதல் கதைகள். பதினேழு வயதில் காதலை எழுதாமல் வேறு எப்போது எழுதுவது? ஆனால் பல கதைகள் ஒரே பாதையில் போகின்றன. வகுப்பில் ஒருவனும் ஒருத்தியும் கீரியும் பாம்பும். பிறகு இருவருக்கும் வேண்டிய ஒருவர் இறந்துபோகிறார். செத்தவீட்டில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். அடுத்த பக்கத்தில் காதல்.

அந்த அடுத்த பக்கத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன். அங்கே சாவு ஒரு கலியாணத் தரகர் மாதிரி வந்து, இருவரையும் சேர்த்து வைத்துவிட்டுப் போய்விடுகிறது. செத்தவரை அதன் பிறகு யாரும் தேடுவதில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை.

நம் அகமரபில் காதலர் சண்டைக்கு நல்ல இடம் உண்டு. மருதத்துக்கு உரியது ஊடல். திருக்குறளின் கடைசி அதிகாரமான 133ஆவது அதிகாரம் ஊடலுவகை. ஆனால் ஊடல் என்பது அன்பு வந்த பிறகு, கோபப்பட உரிமை கிடைத்த பிறகு வருவது. நீங்கள் எழுதுவது அதற்கு முந்திய பகை. அதற்கு மருதம் கைகொடுக்காது. நாம் இருப்பது நெய்தலில். நெய்தலுக்கு உரியது இரங்கல். கடலைப் பார்த்துக்கொண்டு, வராத ஒருவருக்காக நோவது. திருகோணமலைப் பிள்ளைகளுக்கு அதை நான் விளக்கத் தேவையில்லை.

சரி, ஒரு கதையை இங்கேயே கட்டிப் பார்ப்போம். 2012ஆம் ஆண்டு. இருவரும் உயர்தரம் முதலாம் வருடம். அப்படியென்றால் 2004 டிசம்பர் 26 அன்று, அந்தப் போயா (பௌர்ணமி) ஞாயிறு காலையில், அவர்களுக்கு ஒன்பது வயது. ஊர் நிலாவெளி. சுனாமியில் இலங்கையில் 30,000 பேருக்கு மேல் போன நாள் அது. நம் கதைக்கு அவர்களில் ஒருவர் போதும். அவளுடைய அண்ணன். பக்கத்து வீட்டுப் பையனைத் தூக்கிப் புளியமரக் கிளையில் ஏற்றிவிட்டுத் திரும்பினான். அவ்வளவுதான். அவள் அன்று டவுனில் பெரியம்மா வீட்டில் இருந்தாள்.

மரத்தில் இருந்தவன் இப்போது அவளுடைய வகுப்பில், இரண்டு வாங்கு தள்ளி இருக்கிறான். பகைக்கு வேறு காரணம் தேட வேண்டாம். அவன் சிரித்தால் அவளுக்கு எரிகிறது. அவன் நல்ல மார்க்ஸ் எடுத்தால் இன்னும் எரிகிறது. அவனுக்கோ, அவளைப் பார்க்கும்போதெல்லாம் கடன்காரனைக் கண்ட மாதிரி. தன் உயிருக்குக் கணக்குக் கேட்கிற கண்கள். அதனால் அவனும் முரட்டுத்தனமாகவே நடக்கிறான்.

நம் பேச்சில் ஓர் அருமையான வசதி இருக்கிறது, அதை உங்களில் ஒருவரும் பயன்படுத்தவில்லை. கோபமானவர்கள் நேரே கூப்பிடமாட்டார்கள். "அவரிட்டச் சொல்லு, என்ர கொப்பிய வைக்கச் சொல்லி" என்று நடுவில் ஒரு தோழியை வைத்துப் பேசுவார்கள். எட்டு வருடம் அவள் அப்படியே பேசட்டும். அவள் வாயிலிருந்து அவனை நேரே விளிக்கும் முதல் "நீர்" வரும் இடத்தில்தான் உங்கள் கதை திரும்ப வேண்டும்.

அந்த இடத்துக்கு நான் கன்னியாவைத் தேர்ந்தெடுப்பேன். ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. இராவணன் தாய்க்குக் கடமை செய்த இடம் என்பது ஐதிகம். இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்கு நம் சனங்கள் அங்கே போவதை நீங்களும் அறிவீர்கள். அண்ணனின் உடல் கிடைக்கவில்லை. அதனால் தகப்பன் இத்தனை வருடம் கடமை செய்ய மறுத்துவிட்டார். இப்போது சம்மதிக்கிறார். "அந்தப் பெடியனும் வரட்டும்" என்கிறார். கிணற்றடியில் வாளியோடு நின்றபடி அவள் கேட்கிறாள்: "அண்ணா கடைசியா என்ன சொன்னவர்? நீர் சொல்லும்."

அவன் பெரிதாக எதையும் சொல்லக்கூடாது. "'இறுக்கிப் பிடியடா, அம்மா ஏசுவா' எண்டு சொன்னவர்." அதுவே போதும்.

இங்கே காதல் வந்துவிட்டது என்று எழுதாதீர்கள். அடுத்த வாரம் அவளுக்குக் கோபம் கூட வேண்டும். ஏனென்றால் அவளிடம் அந்தக் காலைக்கு முந்திய அண்ணன் முழுவதும் இருக்கிறான். இவனிடமோ அந்தக் கடைசிப் பத்து நிமிடம் இருக்கிறது. அவளுக்கு அது கிடைக்கவே கிடைக்காது. ஒரே ஆளின் இரண்டு துண்டுகளை இரண்டு எதிரிகள் பொத்தி வைத்திருக்கிறார்கள். அப்புறம் மெல்ல மெல்லக் கைமாற்றத் தொடங்குகிறார்கள். ரியூசன் முடிந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு, மீன் தலைக்கு அண்ணன் போட்ட சண்டையை அவள் சொல்கிறாள். அவன் கேட்டுக்கொண்டு வருகிறான். அவனுக்கும் அந்த அண்ணன் தேவைப்பட்டிருக்கிறான்.

இனித்தான் கடினமான கேள்வி. இவர்கள் விரும்புவது ஒருவரை ஒருவரா, போனவனையா? இதை நீங்கள் தப்பவிட்டால் கதை பொய்யாகிவிடும். என் மனதில் ஒரு நாள் இருக்கிறது. பௌதிகவியல் கணக்கொன்றுக்காக இருவரும் வாய்ச்சண்டை போட்டு, சிரித்து, வீட்டு ஒழுங்கை வரை வந்துவிடுகிறார்கள். படலையைத் திறக்கும்போதுதான் அவளுக்கு உறைக்கிறது, இன்றைக்கு அண்ணனைப் பற்றி ஒரு சொல்கூடக் கதைக்கவில்லை. காதல் அந்த நாளில் இருக்கிறது. அதே நாளில் அவளுக்கு ஒரு பயமும் இருக்கிறது, அண்ணனை இரண்டாந்தரம் தண்ணிக்கு விட்டுவிட்டோமோ என்று. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். அவள் அழட்டும், அல்லது அடுத்த நாள் அவனோடு பேசாமல் இருக்கட்டும். எதுவானாலும் அவளை அவசரப்படுத்தாதீர்கள்.

உங்கள் கொப்பிகளைத் திருப்பித் தருகிறேன். ஓரங்களில் பென்சிலால் ஒரே கேள்வியைத்தான் எழுதியிருக்கிறேன்: "இறந்தவர் என்ன சாப்பிட விரும்புவார்?" அதற்குப் பதில் எழுதிக்கொண்டு வெள்ளிக்கிழமை வாருங்கள்.