ஏழு மணித் தொடர் ஏன் பத்தரைக்குப் போனது? எல்லையோரத் தமிழ் வீடும் சேனலின் கணக்கும்

[காட்சி: மாலை நேரம். ஓட்டு வீட்டுத் திண்ணை, உள்ளே தொலைக்காட்சியின் வெளிச்சம்.]

வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஒரு சிற்றூரிலிருந்து பேசுகிறேன். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேன்பதி என்று நீளும் இந்தப் பஞ்சாயத்துகளில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசும் குடும்பங்கள் ஏராளம். எங்கள் ரேஷன் கார்டு மலையாளத்தில் இருக்கிறது. மாலையில் வீட்டுக்குள் கேட்கும் குரல்கள் தமிழில் இருக்கின்றன.

என் அம்மா விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, இரண்டு மாடுகளைக் கறந்து, பால் சொசைட்டிக்குக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வருபவர். மாலைப் பாலும் ஊற்றி முடித்து, ஏழு மணிக்கு அவர் உட்கார்ந்து பார்க்கும் தொடர் ஒன்றே ஒன்றுதான். சென்ற ஆண்டு அந்தத் தொடரை ஒரு வார புரோமோவோடு இரவு பத்தரை மணிக்கு மாற்றினார்கள். முதல் மூன்று நாள்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார், நான்காம் நாள் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப்போனார். சில வாரங்களில் தொடரையே முடித்துவிட்டார்கள். "நாம பாக்காததுனாலயா சாமி நிறுத்திட்டாங்க?" என்று அவர் என்னைக் கேட்டார். அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் தேடியதன் விளைவே இந்த வீடியோ.

[காட்சி: அரை மணி நேரக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்ட ஒரு நாள் அட்டவணை.]

ஒரு சேனலுக்கு நாள் என்பது அரை மணி நேரக் கட்டங்களாக வெட்டப்பட்ட ஒரு பலகை. ஒவ்வொரு கட்டத்தையும் ஸ்லாட் என்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் 12 நிமிடங்களுக்கு மேல் விளம்பரம் கூடாது, அதிலும் இரண்டு நிமிடங்கள் சேனலின் சொந்த அறிவிப்புகளுக்கு உரியவை என்பது இந்தியாவில் உள்ள விதி. விற்பதற்கு இருக்கும் நிமிடங்கள் அளவோடுதான் இருக்கின்றன என்பதால், விளம்பர வருமானத்தைக் கூட்ட வேண்டுமானால் அந்த நிமிடங்களின் விலையைத்தான் கூட்ட முடியும். அந்த விலையோ எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணைப் பொறுத்தது.

அந்த எண்ணைத் தருவது பார்க் இந்தியா (BARC India) என்ற அமைப்பு. 2015 முதல் அது வாராவாரம் பார்வையாளர் கணக்கை வெளியிட்டுவருகிறது. சேனலின் ஒலியோடு காதுக்குக் கேட்காத ஒரு குறியீடு கலந்து அனுப்பப்படுகிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட வீடுகளில் உள்ள கருவி அதைப் பிடித்து, எந்த நிமிடத்தில் எந்த சேனல் ஓடியது என்று பதிந்துகொள்கிறது. யார் பார்க்கிறார்கள் என்பதைச் சொல்ல, வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பொத்தான் உண்டு. நாடு முழுவதும் இத்தகைய வீடுகள் 50,000-க்கு மேல். வியாழக்கிழமை அந்த வாரக் கணக்கு வந்ததும் சேனல் அலுவலகங்களில் எந்தத் தொடர் ஏறியது, எது இறங்கியது என்ற பேச்சு தொடங்கிவிடுகிறது.

எங்கள் ஊரைப் பொறுத்தவரை முக்கியமான செய்தி இனிமேல்தான் வருகிறது. அந்தக் கணக்கு மொழிவாரியாகப் பிரிக்கப்படுவதில்லை, மாநிலச் சந்தைவாரியாகப் பிரிக்கப்படுகிறது. தமிழ்நாடும் புதுச்சேரியும் சேர்ந்து ஒரு சந்தை, கேரளம் ஒரு சந்தை, ஆந்திரமும் தெலங்கானாவும் சேர்ந்து ஒரு சந்தை. தமிழ்ச் சேனலில் விளம்பரம் கொடுக்கும் சோப்பு நிறுவனமும் நகைக்கடையும் பார்ப்பது முதல் சந்தையின் எண்ணைத்தான். கொழிஞ்சாம்பாறையில் ஒரு வீட்டில் அந்தக் கருவி இருந்து, அந்த வீடு நாள் முழுவதும் தமிழ்த் தொடரே பார்த்தாலும், அது கேரளச் சந்தையில் சேர்ந்துவிடும். விளம்பரத் துறையில் இதற்கு ஸ்பில்ஓவர் என்று பெயர்: பாத்திரம் நிறைந்து வெளியே சிந்தியது என்று பொருள். சித்தூர் வட்டம் மட்டுமல்ல, மூணாறு, தேவிகுளம் தேயிலைத் தோட்டங்களின் லயன் வீடுகளும், ஆந்திர எல்லையில் நகரி, சத்தியவேடு, குப்பம் பகுதித் தமிழ்க் குடும்பங்களும் இந்தச் சிந்தலுக்குள்தான் அடக்கம். அம்மாவின் கேள்விக்கு அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்: நாம் பார்த்ததும் பார்க்காததும் அந்த முடிவில் சேரவே இல்லை.

[காட்சி: அட்டவணையின் ஓரக் கட்டங்கள் ஒவ்வொன்றாக நிறம் மாறுகின்றன.]

வருமானம் குறையும்போது எந்தக் கட்டம் முதலில் வெட்டப்படுகிறது என்பதற்கும் ஒரு வழக்கம் இருக்கிறது. இரவு எட்டு மணியைச் சுற்றியுள்ள கட்டங்களில் கை வைக்கத் தயங்குவார்கள். காலை, பிற்பகல், இரவு பத்துக்குப் பின் என்னும் ஓரக் கட்டங்களில்தான் சிக்கனம் தொடங்கும். நேரடியாகத் தமிழில் எடுக்கும் தொடருக்கு நடிகர் சம்பளம், வாடகை வீடு, யூனிட் சாப்பாடு, ஜெனரேட்டர் என்று தினமும் செலவு உண்டு. டப்பிங் தொடருக்கு உரிமைத் தொகையும் குரல் கலைஞர்களின் ஊதியமும் போதும். நேற்றைய இரவுத் தொடரை இன்று காலை மறு ஒளிபரப்பு செய்வதற்குப் புதிதாகச் செலவு என்று ஏதும் இல்லை.

ஒரு தொடரின் எண் சரியும்போது சேனல் உடனே அதை நிறுத்திவிடுவதும் இல்லை. அதிகம் பேர் பார்க்கும் தொடருக்கு அடுத்த கட்டத்தில் வைத்துப் பார்ப்பார்கள், ஏனென்றால் ரிமோட்டை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருப்பவர்கள் கணிசமாக உண்டு. இரண்டு தொடர்களின் குடும்பங்களை ஒரே கல்யாண மண்டபத்தில் சந்திக்க வைத்து 'மகா சங்கமம்' என்று ஒரு வாரம் ஓட்டுவார்கள். அதன் பிறகும் எண் ஏறாவிட்டால்தான் ஓரக் கட்டத்துக்கு நகர்த்துகிறார்கள். பத்தரை மணிக்கு மாற்றப்பட்ட தொடர் என்றால், முடிவுரை எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் தொடர் என்றே பெரும்பாலும் கொள்ளலாம்.

2020-இல் இந்தச் சிக்கனத்துக்குப் பெரிய ஒத்திகை ஒன்று நடந்துவிட்டது. மார்ச் மாதம் கொரோனா ஊரடங்கால் படப்பிடிப்புகள் நின்றன. தினத் தொடர்களுக்குக் கையிருப்பு எபிசோடுகள் சில நாள்களுக்கே இருந்தன. மார்ச் 28 அன்று தூர்தர்ஷன் பழைய இராமாயணத்தை மீண்டும் ஒளிபரப்பத் தொடங்கியது, தனியார் சேனல்களும் பழைய தொடர்களைத் தூசி தட்டி எடுத்தன, மக்களும் விரும்பிப் பார்த்தார்கள். சில தமிழ்த் தொடர்கள் கதை முடியாமலேயே கைவிடப்பட்டன. அவற்றை நம்பியிருந்த துணை நடிகர்களையும் ஒப்பனைக் கலைஞர்களையும் நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

[காட்சி: மொட்டை மாடியில் துருப்பிடித்த ஆன்டெனா, அதில் கட்டிய துணிக்கொடி.]

எங்கள் மாடியில் இன்னும் நிற்கும் இந்த ஆன்டெனாவை அப்பா கொடைக்கானல் பக்கம் திருப்பினால் சென்னைத் தூர்தர்ஷன் புள்ளி புள்ளியாகத் தெரியும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடி மாதத்தில் அதைத் திருப்பிவிடும், அப்பா மீண்டும் ஏறுவார். அந்தக் காலத்து அலைக்கு மாநில எல்லை தெரியாது, காசும் கேட்காது. பழைய அனலாக் நிலையங்களில் மிகச் சிலவற்றைத் தவிர மற்றவற்றை 2022 மார்ச்சுக்குள் மூடுவதாகப் பிரசார் பாரதி அறிவித்தது, அதற்கு வெகுகாலம் முன்பே நாங்கள் கேபிளுக்கு மாறியிருந்தோம்.

கேபிளில் 2019 பிப்ரவரி 1 முதல் புதிய கட்டண முறை வந்தது. அப்போது 100 சேனல்களுக்கு வலையமைப்புக் கட்டணம் 130 ரூபாயாக இருந்தது, வரி தனி. கட்டணச் சேனல்களுக்கு அவரவர் தேர்வுக்கேற்பத் தனி விலை. எங்கள் கேபிள்காரரின் அடிப்படைத் தொகுப்பில் மலையாளச் சேனல்கள் இருந்தன. தமிழ்த் தொகுப்பை நாங்கள் கேட்டு, மேலதிகமாகப் பணம் கொடுத்து வாங்கினோம். இப்படி எத்தனை இணைப்புகள் வாங்கப்பட்டன என்ற கணக்கு மாதந்தோறும் கேபிள் நிறுவனத்திலிருந்து சேனலுக்குப் போகிறது, அதன்படி பணமும் போகிறது.

ஆக, எங்களைப் பற்றி சேனலிடம் இரண்டு கணக்குகள் இருக்க வேண்டும். சந்தா என்னும் பணக் கணக்கில் நாங்கள் முழுமையாக இருக்கிறோம். எந்தத் தொடரை எந்த நேரத்தில் வைப்பது என்ற பேச்சில் மேசைக்கு வரும் கணக்கில் நாங்கள் இல்லை. பார்வையாளர் கணக்கெடுக்கும் கருவியை யாரும் தம் வீட்டுக்கு விண்ணப்பித்துப் பெற முடியாது, அப்படித்தான் இருக்கவும் வேண்டும். ஆனால் எல்லைக்கு அப்பால் எத்தனை வீடுகள் தமிழுக்கென்று தனியாகப் பணம் கட்டுகின்றன என்பதைத் தன்னிடமே இருக்கும் மாத அறிக்கையைப் புரட்டி அறிந்துகொள்ளச் சேனலுக்கு எந்தத் தடையும் இல்லை. நேரத்தை மாற்றும் முன் அந்தப் பக்கத்தையும் ஒரு முறை பார்க்க வேண்டும் என்பதே நான் கேட்பது.

அம்மா கொஞ்ச நாள் காலை பதினொரு மணி மறு ஒளிபரப்பில் வேறொரு தொடரைப் பார்த்துவந்தார். சென்ற மாதம் அந்தக் கட்டமும் போய்விட்டது. இப்போது அங்கே மூட்டுவலித் தைலம் விற்கும் நிகழ்ச்சி ஓடுகிறது. தமிழ்த் தொகுப்புக்கான இந்த மாதப் பணத்தை நேற்றுதான் கட்டினோம்.