பெரிய காவல் நாய்க்கு எப்படிப்பட்ட வேலி?

நேயர்களுக்கு வணக்கம்.

பெரிய காவல் நாய் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பதெல்லாம் என்ன சாப்பாடு, எத்தனை வேளை, எந்தத் தடுப்பூசி எப்போது என்பதுதான். வேலியைப் பற்றி யாரும் லேசில் கேட்பதில்லை. கேட்கிறவர்களும், நாய் ஒரு தடவை வெளியே போய் வந்த பிறகுதான் கேட்கிறார்கள். அதற்குள் காரியம் பாதி கைமீறியிருக்கும். ஏன் என்று சொல்கிறேன்.

கிரேட் பைரனீஸ், கங்கால், மரேம்மா, அனடோலியன் ஷெப்பர்டு, காக்கேசியன் ஷெப்பர்டு ஆகிய இனங்களெல்லாம் ஆட்டு மந்தையோடு இரவு பகலாகக் கிடந்து, ஓநாயையும் கரடியையும் விரட்டுவதற்காகப் பல தலைமுறைகளாகப் பொறுக்கி வளர்க்கப்பட்டவை. பக்கத்தில் நின்று ‘பிடி’, ‘விடு’ என்று சொல்ல அங்கே எப்போதும் ஆள் இருக்காது. எது ஆபத்து, எவ்வளவு தூரம் துரத்துவது, எப்போது திரும்புவது என்பதையெல்லாம் நாயே முடிவு செய்ய வேண்டும். அந்தக் குணம்தான் அதன் பெருமை. வீட்டுத் தோட்டத்துக்கு வந்தாலும் அந்தக் குணம் மாறாது. நம் இடம் எங்கே முடிகிறது என்று பத்திரத்தில் இருக்கிறது. அதற்குப் பத்திரம் தெரியாது. எதிர்வீட்டு வாசல், தெரு முனை, அப்பால் உள்ள காலி மனை எல்லாமே தன் பொறுப்பு என்று எடுத்துக்கொள்ளும். ‘நாய் ஓடிப்போய்விட்டது’ என்று நாம் பதறுவோம். அது ரோந்து போயிருக்கும், அவ்வளவுதான்.

தன் பொறுப்பு என்று எதையெல்லாம் எடுத்துக்கொள்ளும் என்பதற்கு ஓர் உதாரணம். ஆஸ்திரேலியாவில் வார்னம்பூல் என்ற ஊரையொட்டி மிடில் தீவு என்று ஒரு குட்டித் தீவு உண்டு. தண்ணீர் வற்றும் நேரத்தில் நரிகள் கடந்து போய் அங்கிருந்த சின்னப் பெங்குவின்களைக் கொன்று தீர்த்துக்கொண்டிருந்தன. 2006-இல் மரேம்மா நாய்களைக் கொண்டுபோய் விட்டார்கள். ஆட்டுக்காக உருவான நாய் பெங்குவினுக்குக் காவல் இருந்தது. அப்படிப்பட்ட நாய்க்கு ‘உன் வேலை இந்த இடத்தோடு முடிந்தது’ என்று புரிய வைக்கிற ஒரே சாதனம் வேலிதான். அதனால், நான் சொல்ல வருவதில் முக்கியமானது ஒன்றே ஒன்று: அந்த வேலியை நாய் ஒரு தடவைகூட ஜெயித்திருக்கக் கூடாது.

குட்டி வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பதில் உள்ள ஆபத்து இதுதான். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்றடி வலை போதும் என்று தோன்றும். ஐந்தாறு மாதத்தில் ஒரு நாள் அதைத் தாண்டிவிடும். நாம் அரை அடி உயர்த்துவோம். அதையும் தாண்டும். இன்னும் அரை அடி. இப்படியே போனால் நாமே பக்கத்தில் நின்று அதற்குத் தாண்டுவதற்குப் பயிற்சி கொடுத்த மாதிரி ஆகிவிடும். வேலி என்றால் முயன்று பார்க்க வேண்டிய பொருள் என்று அதன் மனதில் பதிந்துவிட்டால், பிறகு எட்டடி மதில் எழுப்பினாலும் எங்கே ஓட்டை என்று தேடிக்கொண்டேதான் இருக்கும். மாறாக, முதல் நாளிலிருந்தே அசையாத ஆறடி வேலிக்குள் வளர்ந்த நாய்க்கு, பெரிதான பிறகும் அதைச் சோதித்துப் பார்க்கிற எண்ணம் குறைவாகவே இருக்கும். குட்டியைக் கூட்டி வருவதற்கு முன்பே வேலி முழு உயரத்தில் நிற்கட்டும்.

ஆறடி என்று ஏன் சொல்கிறேன்? நன்றாக வளர்ந்த ஆண் கங்கால் தோள் உயரமே 75 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும். எடை 50 கிலோவைத் தாண்டும். பின்னங்காலில் எழுந்து நின்றால் நாலடி வேலியின் மேல் விளிம்பு அதற்குக் கைப்பிடி மாதிரி. ஐந்தடியில் அடங்கி இருக்கும் நாய்களும் உண்டு, குறிப்பாக வயதான, கனத்த நாய்கள். ஆனால் வெளியே வண்டி ஓடும் சாலை இருந்தால் ஐந்தடியை நம்ப மாட்டேன். இன்னொன்று, உயரத்தை அளக்கும்போது வேலியை மட்டும் அளந்தால் போதாது. வேலியை ஒட்டி விறகு அடுக்கியிருக்கிறீர்களா, நாய்க்கூண்டை அங்கே வைத்திருக்கிறீர்களா, மணல் குவித்திருக்கிறீர்களா என்று பாருங்கள். இரண்டடிக் குவியல் பக்கத்தில் இருந்தால் உங்கள் ஆறடி வேலி நாலடிதான்.

ஆனால், உண்மையைச் சொன்னால், இவ்வளவு கனமான நாய் மேலே தாண்டிப் போவதைவிட, கீழே தோண்டியோ வலையைத் தள்ளியோ கேட்டைத் திறந்தோ போவதுதான் அதிகம். வேலியைச் சோதிக்கிற நாயைக் கவனித்திருக்கிறீர்களா? அண்ணாந்து பார்க்காது. மூக்கைத் தரையோடு தரையாக வைத்து, வேலியின் அடியிலேயே ஓரமாகப் போகும். எங்கே காற்று உள்ளே வருகிறதோ அங்கே நிற்கும். முகத்தை நுழைத்துப் பார்க்கும். கொஞ்சம் இளகினால் தோளைக் கொடுக்கும். அதையே நீங்களும் செய்து பாருங்கள்: இரண்டு தூணுக்கு நடுவில், வலையின் அடி விளிம்பில் முழங்காலை வைத்து அழுத்துங்கள். ஒரு சாண் வெளியே போகிறது என்றால், 50 கிலோ நாய்க்கு அது வாசல்.

தோண்டுவதைத் தடுக்க நிறையப் பேர் வலையை இரண்டடி ஆழத்துக்குப் புதைக்கிறார்கள். நல்லதுதான், ஆனால் வேலை அதிகம், கம்பியும் மண்ணுக்குள் துருப்பிடிக்கும். அதைவிட எளிய வழி இருக்கிறது. இரண்டடி அகல வலையை வேலியின் உள்பக்கத்தில் தரையில் படுக்கையாக விரித்து, ஒரு விளிம்பை வேலியின் அடியோடு நெருக்கமாகக் கட்டிவிடுங்கள். மேலே மண்ணோ கல்லோ போட்டு மூடிவிடலாம். புல் வளர்ந்து வேர் பிடித்தால் இன்னும் நல்லது. நாய் எப்போதும் வேலியை ஒட்டித்தான் தோண்டத் தொடங்கும். நகம் வலையில் பட்டதும் நின்றுவிடும். இரண்டடி பின்னால் போய்த் தோண்டினால் வெளியே வந்துவிடலாம் என்று பெரும்பாலான நாய்களுக்குத் தோன்றுவதில்லை. (வெயில் காலத்தில் தோட்டத்துக்கு நடுவே குழி தோண்டி அதில் படுத்துக்கொள்ளும். அது தப்பிக்கிற முயற்சி இல்லை, குளிர்ச்சிக்கு. திட்டாதீர்கள், நிழல் ஏற்பாடு செய்து கொடுங்கள்.)

சரிவான நிலம் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். வேலியைப் படிப்படியாக இறக்கிக்கொண்டு போனால் ஒவ்வொரு படியின் அடியிலும் முக்கோணமாக ஓர் இடைவெளி விழும். மழைத் தண்ணீர் வெளியேறும் இடமும் அப்படித்தான். அங்கே கம்பிக் கிராதி போட்டு, தண்ணீர் போகட்டும், தலை போகக் கூடாது என்கிற அளவில் விடுங்கள்.

அடுத்து, எந்தப் பொருள்? சங்கிலி வலை, அதாவது வைர வடிவக் கண்ணுள்ள செயின்லிங்க் வலை, எளிதில் கிடைப்பது. அதை வாங்கும்போது கம்பியின் கேஜ் என்ன என்று கேளுங்கள். எண் குறையக் குறையக் கம்பி தடிமன் கூடும்: 12 கேஜ் சுமார் 2.6 மில்லிமீட்டர், 9 கேஜ் சுமார் 3.7. பெரிய நாய்க்கு 9-தான் சரி. மேலே ஒரு குழாய் ஓடுவதோடு, அடியிலும் ஒரு குழாயோ இழுத்துக் கட்டிய தடித்த கம்பியோ கட்டாயம் வேண்டும். அடி விளிம்பைச் சும்மா விட்டால் திரையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு போய்விடும். இந்த வலைக்கு ஒரு குறை, இளம் நாய்களுக்கு அந்தக் கண்களில் கால் வைத்து ஏற வசதி. இரண்டங்குலத்துக்கு நாலங்குலக் கண் உள்ள, முடிச்சுப் போட்டுப் பின்னிய வலை அந்த வகையில் மேல். குதிரைப் பண்ணைகளில் பயன்படுவது. மோதினால் கொஞ்சம் கொடுத்து மறுபடி விறைத்துக்கொள்ளும். பற்றவைத்த வலை, அதாவது வெல்டு மெஷ், பார்க்க நேர்த்தியாக இருக்கும். ஆனால் நாய் தினமும் முன்கால் வைத்து மோதுகிற இடத்தில், மெல்லிய ரகமாக இருந்தால் பற்றுகள் ஒவ்வொன்றாக விட்டுப் போகும். விட்ட கம்பி நுனி கண்ணைக் கிழிக்கும். வாங்குவதென்றால் தடித்த கம்பியில் வாங்குங்கள்.

மரப்பலகை வேலி போடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பலகைகளை நாய் இருக்கும் பக்கத்தில் அடிக்க வேண்டும், குறுக்குச் சட்டம் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். அப்போது நாய் மோதினால் பலகை சட்டத்தோடு இன்னும் இறுகும். மாற்றி அடித்தால் ஒவ்வொரு மோதலும் ஆணியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கும். குறுக்குச் சட்டம் ஏணிப்படியாகவும் ஆகிவிடும். அழகுக்காக ஈட்டி முனை வைத்த இரும்புக் கிராதி இந்த நாய்களுக்கு வேண்டாம், தாண்ட முயன்று பாதியில் சிக்கினால் வயிறு கிழியும். முள்கம்பியும் அதே கதைதான். தடித்த ரோமத்தில் சிக்கி, மிரண்டு இழுத்து, காயத்தைப் பெரிதாக்கிக்கொள்ளும்.

தூண் எதுவானாலும், கான்கிரீட்டில் ஆழமாக நிற்கட்டும். ஆறடி வெளியே என்றால் இரண்டடியாவது உள்ளே. தூணுக்கும் தூணுக்கும் எட்டடிக்கு மேல் போகாதீர்கள். மூலைத் தூணுக்கு முட்டுக் கொடுங்கள்.

தரைக்கடியில் ஒயர் புதைத்து, கழுத்துப்பட்டையில் கருவி மாட்டி, எல்லைக்கு வந்தால் ஷாக் அடிக்கிற கண்ணுக்குத் தெரியாத வேலியைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். காவல் இனத்துக்கு அது வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. பிடரியில் அடர்ந்த ரோமம் இருப்பதால் அந்தக் கருவியின் முனை தோலில் சரியாகப் படுவதே சிரமம். பட்டாலும், எதிரே அந்நிய நாய் ஒன்று வந்துவிட்டால் அந்த நொடி வலியைப் பொருட்படுத்தாமல் பாய்ந்து போய்விடும். வேகம் தணிந்து திரும்பும்போதுதான் ஷாக்குக்குப் பயந்து உள்ளே வராமல் வெளியிலேயே நிற்கும். சைக்கிளில் ஒரு குழந்தை போகும் நேரத்தில் வலித்தால், வலிக்குக் காரணம் அந்தக் குழந்தை என்று முடிச்சுப் போட்டுக்கொள்ளவும் கூடும். தவிர, வெளியிலிருந்து யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாமே! நிஜமான வேலியின் உள்பக்கம், மூக்கு உயரத்தில் ஓர் இழை மின்கம்பி ஓட்டுவது வேறு விஷயம். தோண்டுவதையும் ஏறுவதையும் அது நன்றாகவே நிறுத்தும். ஆனால் அதற்கென்று விற்கும், துடிப்பு துடிப்பாக மின்சாரம் அனுப்பும் கருவியோடு மட்டும்தான். வீட்டு மின் இணைப்பை நேரடியாகக் கொடுப்பது நாயையும் கொல்லும், மனிதரையும் கொல்லும்.

வெளியே தெரிகிற மாதிரி வேலி வேண்டுமா, மறைக்கிற வேலி வேண்டுமா? இதற்கு ஒரே பதில் கிடையாது. தெருவை ஒட்டிய பக்கம் முழுவதும் தெரிந்தால், போகிற வருகிற ஒவ்வொருவரையும் துரத்திக்கொண்டு நாய் வேலியோரமாகவே ஓடும். அவர்கள் போய்விடுவார்கள், ஆனால் நாய்க்கு அது தன் வெற்றி. ஒரு நாளில் இருபது தடவை ஜெயிக்கிற நாய்க்குக் குரைப்பதை நிறுத்த மனசு வராது. எதிர்ப்பக்கம் இன்னொரு நாய் வந்து நின்றுவிட்டால் வலையைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளும். ஆகவே தெருப் பக்கம் சுவரோ பலகையோ வைத்து மறைத்துவிடுங்கள். நடமாட்டம் இல்லாத பின்பக்கம் திறந்த வலையாக இருக்கட்டும். தூரத்தில் என்ன நடக்கிறது என்று படுத்தபடியே பார்த்துக்கொண்டிருப்பது இந்த நாய்களுக்குப் பிடித்த வேலை. நாலு பக்கமும் அடைத்துவிட்டால், என்ன சத்தம் என்று தெரியாமலேயே எல்லாச் சத்தத்துக்கும் குரைக்கும்.

அப்புறம் கேட். வேலிக்கு இவ்வளவு யோசித்துவிட்டு, கேட்டைக் கடைசி நாளில் அவசரமாக மாட்டுகிறவர்கள் நிறைய. கேட் உள்பக்கம் திறக்கட்டும். நாய் தள்ளத் தள்ள அது மூடிக்கொள்ளும். மேலிருந்து அமுக்கினால் திறக்கிற கைப்பிடியை நாய் சில நாளிலேயே கற்றுக்கொண்டுவிடும், அதனால் கொண்டியும், அதில் ஒரு கொக்கியோ பூட்டோ இருக்கட்டும். கேட்டுக்கு அடியில் மண் தேய்ந்து பள்ளமாகும், அங்கே சிமென்ட் போட்டுவிடுங்கள். இடம் இருந்தால் இரட்டை கேட் வையுங்கள். ஒன்றைத் திறந்து உள்ளே வந்து, அதை மூடிய பிறகே அடுத்ததைத் திறக்கிற ஏற்பாடு. வீட்டுக்கு வரும் விருந்தாளி கேட்டைப் பாதி திறந்தபடி ‘நாய் கடிக்குமா?’ என்று கேட்டுக்கொண்டு நிற்கும் அந்த அரை நிமிடம் போதும், நாய் தெருவில் இருக்கும். அழைப்பு மணியும் தபால் பெட்டியும் கேட்டுக்கு வெளியே இருக்கட்டும். கேட் கம்பிகளுக்கு நடுவே குழந்தையின் கை நுழையாதபடி கீழ்ப்பகுதியில் தகடு அடித்துவிடுங்கள். வேலி உள்ளே இருப்பதைக் காப்பது ஒரு பக்கம். வெளியே இருப்பவரைக் காப்பது அதைவிடப் பெரிய பொறுப்பு.

வேலை தொடங்கும் முன் உங்கள் பகுதியில் வேலி உயரத்துக்கு விதி ஏதும் இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அவர் பக்கம் செடியோ கோழியோ இருந்தால் அவருக்கும் யோசனை இருக்கும்.

வேலி ஆயிற்றே என்று, வேலியை ஒட்டி நாயைச் சங்கிலியில் கட்டி வைக்காதீர்கள். தாண்ட முயன்றால் அந்தப் பக்கம் தொங்கிவிடும். வாரம் ஒரு முறை, மழையோ பெருங்காற்றோ அடித்த மறுநாளும், நாயைக் கூட்டிக்கொண்டு வேலியைச் சுற்றி ஒரு நடை வாருங்கள். அது எந்த இடத்தில் நின்று மோந்து பார்க்கிறதோ, அங்கே குனிந்து பாருங்கள். அன்றைக்கே சரிசெய்துவிடுங்கள்.

வணக்கம்.