நோயாளி நடத்தும் வகுப்பு

எல்லோருக்கும் வணக்கம். மனநலச் செவிலியம், சமூகப்பணி, உளவியல் படிக்கிற பிள்ளைகள் நிறைய பேர் வந்திருக்கிறீர்கள். பின்வரிசையில் உங்கள் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். நான் பேசப்போவது முக்கியமாக அவர்களிடம்தான். நோயாளிகளையே அழைத்து வகுப்பில் பாடம் நடத்தச் சொல்லுங்கள் என்று கேட்கப்போகிறேன்.

மனநலப் படிப்பில் நோயாளி இல்லாத காலமே கிடையாது. பாரிஸின் சல்பெத்ரியேர் மருத்துவமனையில் நரம்பியல் மருத்துவர் ஷார்கோ பாடம் நடத்துவதை ஆந்த்ரே புரூயே 1887இல் ஓவியமாக வரைந்தார். அறை நிறைய ஆண்கள் உட்கார்ந்து கேட்கிறார்கள். பிளான்ஷ் விட்மன் என்ற நோயாளி மயங்கி ஒருவர் கையில் சாய்ந்திருக்கிறார். பாடமே அவரைப் பற்றித்தான், ஆனால் பேசுவது ஷார்கோ மட்டுமே. உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃப்ராய்ட் இந்தப் படத்தின் அச்சுப் பிரதியைத் தன் சிகிச்சை அறையில் மாட்டி வைத்திருந்தாராம்! சரி, நம் வார்டு ரவுண்ட்ஸ் மட்டும் என்ன வாழ்கிறது? கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டு, எதிரே இருக்கிறவரையே "இந்த கேஸ்" என்கிறோம்.

இங்கிலாந்தில் 2003இல் சமூகப்பணிக்குப் புதிய பட்டப்படிப்பு வந்தபோது, சேவை பெறுகிறவர்களையும் அவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தாரையும் படிப்பில் சேர்த்தே ஆகவேண்டும் என்று அரசு விதித்தது. மாணவர் தேர்வு, பாடத்திட்டம், மதிப்பீடு எல்லாவற்றிலும் அவர்களுக்குப் பங்கு. உங்களுக்கு சீட் கொடுக்கலாமா என்று கேட்கிற குழுவில், ஒருகாலத்தில் வார்டில் இருந்தவர் உட்கார்ந்திருப்பதை யோசித்துப் பாருங்கள்.

அமெரிக்காவில் பாட்ரிசியா டீகன் இருக்கிறார். பதின்வயதில் மனச்சிதைவு நோய் என்று சொல்லப்பட்டவர். பிறகு உளவியலில் முனைவர் பட்டம் பெற்றார். அவர் வடிவமைத்த பயிற்சியில் மாணவர்கள், இந்த நோயில் காதுக்குள் கேட்பது போன்ற குரல்களை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே சாதாரண வேலைகளைச் செய்ய வேண்டும். மருத்துவரின் கேள்விகளுக்கும் பதில் சொல்ல வேண்டும். காதுக்குள் ஒருவர் திட்டிக்கொண்டே இருந்தால் இன்று என்ன கிழமை என்பதுகூடத் தடுமாறும். ஆனால் இம்மாதிரிப் பயிற்சிகளைப் பற்றிய ஆய்வுகளில் ஒரு சிக்கல் தெரிகிறது. பரிவு கூடுகிறது. கூடவே சிலரிடம், நோயாளிகளிடமிருந்து விலகியே இருப்போம் என்ற எண்ணமும் கூடுகிறது. எனக்கு இதில் வியப்பில்லை. ஹெட்போன் நோயின் கொடுமையைக் காட்டும். அந்த நோயோடு ஒருவர் எப்படி வேலைக்குப் போகிறார், எப்படிக் காதலிக்கிறார், வாடகை கட்டுகிறார் என்பதை அவரேதான் வந்து சொல்ல வேண்டும்.

அப்படி வருகிறவரிடமும் நாம் கதையை மட்டும்தான் கேட்கிறோம். அழவைக்கிற கதையாக இருந்தால் இன்னும் திருப்தி. அது ஷார்கோவின் அறையேதான், மைக் மட்டும் கைமாறியிருக்கிறது. மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள், எந்த நர்ஸ் பேசினால் மனசு லேசானது, கட்டிப்போட்டபோது என்ன சொல்லியிருந்தால் பயம் குறைந்திருக்கும், இதையெல்லாம் பாடமாக நடத்தச் சொல்லிக் கேளுங்கள்.

நம் நாட்டில் 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம், நோயாளிகளின் உரிமைகள் பற்றிய முறையீடுகளை விசாரிக்கும் மறுஆய்வு வாரியங்களில் நோயாளிகளும் குடும்பத்தாரும் உறுப்பினராக வழி செய்திருக்கிறது. 2019இல் வந்த எம்பிபிஎஸ் பாடத்திட்டத்தில், நோயாளியாக இருப்பது என்றால் என்ன என்றே முதலாண்டில் ஒரு பகுதி உண்டு. அதை நடத்த ஒரு நோயாளியைக் கூப்பிட எந்த விதியும் தடையில்லை.

கூப்பிட்டால் காசு கொடுங்கள். பொன்னாடை போதாது. வெளியிலிருந்து வரும் பேராசிரியருக்கு என்ன மதிப்பூதியமோ அதே தொகை, போக்குவரத்துச் செலவு தனி. வகுப்பில் செல்போனில் பதிவு செய்யக் கூடாது. பிடிக்காத கேள்விக்கு அவர் பதில் சொல்ல வேண்டியதில்லை. அன்று காலையில் வர முடியவில்லை என்றால் வேறு நாள் வையுங்கள். பேராசிரியருக்குக் காய்ச்சல் வந்தால் அதைத்தானே செய்கிறோம்.