சாவித் துவாரத்தில் ஒரு கண்

நண்பர்களே, இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவில் அமெரிக்கா கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்தது என்று படித்திருப்பீர்கள். முதல் போருக்குப் பின் நாடுகள் கூடி அமைத்த சர்வதேச சங்கத்தில் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) அது சேராததும் உண்மைதான். ஆனால் சாத்திய கதவின் சாவித் துவாரத்தில் ஒரு கண் இருந்ததே, அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

1921 நவம்பர் 12. வாஷிங்டனில் கடற்படைக் குறைப்பு மாநாடு. முதல் நாள் என்றால் வரவேற்பு, உபசாரம், பிறகு விருந்து. வந்தவர்கள் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். வெளியுறவுச் செயலர் ஹியூஸ் எழுந்து, அமெரிக்கா 30 பெரும் போர்க்கப்பல்களைக் கைவிடத் தயார் என்றார். அதோடு விட்டாரா? பிரிட்டனும் ஜப்பானும் எவற்றை உடைக்க வேண்டும் என்று பெயர் சொல்லியே படித்தார். விருந்தாளியின் வீட்டுப் பாத்திரங்களுக்கும் சேர்த்து ஏலம் போட்ட துணிச்சல் அது!

பெரும் போர்க்கப்பல்களின் மொத்த எடை அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பானுக்கு 5:5:3 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு; அதாவது அமெரிக்காவின் பத்துக்கு ஜப்பானுக்கு ஆறு. அமெரிக்காவுக்குப் பத்து என்றால் தனக்குக் குறைந்தது ஏழு வேண்டும் என்று ஜப்பான் வாதாடியது. ஹியூஸ் அசையவில்லை. ஏன் அசைய வேண்டும்? நியூயார்க்கில் ஹெர்பர்ட் யார்ட்லி என்பவர் நடத்திய 'கறுப்பு அறை' என்ற அமெரிக்க அரசின் ரகசிய அலுவலகம் ஜப்பானியத் தந்திகளின் சங்கேதத்தை உடைத்துப் படித்துக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாவிட்டால் ஆறுக்கு இறங்கலாம் என்று டோக்கியோ தன் தூதுக்குழுவுக்கு அனுப்பிய உத்தரவும் அதில் அகப்பட்டது. எதிராளியின் சீட்டைப் பார்த்துவிட்டு ஆடுகிறவனுக்குப் பொறுமை தானாக வரும். அதை ராஜதந்திரம் என்று புகழ எனக்கு வாய் வரவில்லை.

1922 பிப்ரவரி 6 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. இந்தியாவுக்காகக் கையெழுத்திட்டவர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி. சொந்தமாக ஒரு போர்க்கப்பலும் இல்லாத நாட்டின் பெயரில், போர்க்கப்பல் குறைப்புக்கு ஒப்புதல்!

1929-இல் ஸ்டிம்சன் வெளியுறவுச் செயலரானதும் கறுப்பு அறைக்குப் பணத்தை நிறுத்தினார். கனவான்கள் பிறர் கடிதத்தைப் படிப்பதில்லை என்று பின்னாளில் அதற்குக் காரணம் எழுதினார். வேலை இழந்த யார்ட்லியோ 1931-இல் எல்லாவற்றையும் புத்தகமாகப் போட்டுவிட்டார். ஜப்பானில் அது அமோகமாக விற்றது.

ஒப்பந்தத்தில் இன்னொரு சலுகையும் இருந்தது. உடைக்க வேண்டிய கப்பல்களில் இரண்டை விமானந்தாங்கிகளாக மாற்றிக்கொள்ளலாம். அமெரிக்காவுக்கு லெக்சிங்டனும் சரட்டோகாவும் அப்படித்தான் கிடைத்தன. ஜப்பானுக்கு அகாகியும் காகாவும். 1941 டிசம்பர் 7 காலை பேர்ல் ஹார்பரைத் தாக்கிய விமானங்களில் ஒரு பகுதி அந்த அகாகி, காகாவின் மேல்தளத்திலிருந்து கிளம்பியவை.