ஒற்றை நாற்று

நேயர்களுக்கு வணக்கம். டெல்டாவில் முப்பது வருஷமாக நெல் போடுகிறேன். நான் தப்பாக நினைத்த இரண்டு விஷயங்களைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

ஒரு குறுவை நெல் பருவத்துக்கு என் தம்பி, "ஒற்றை நாற்று நடலாம் அண்ணா" என்றான். 1980களில் மடகாஸ்கரில் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் அங்குள்ள உழவர்களோடு சேர்ந்து உருவாக்கிய முறை, நம் வேளாண் துறை 'திருந்திய நெல் சாகுபடி' என்று சொல்கிறதே, அதுதான். ஏக்கருக்கு 30 கிலோ விதை விட்டுப் பழகிய என்னிடம் 2 கிலோ போதும் என்கிறான். 25 நாள் நாற்றைக் குத்துக்கு, அதாவது நடுகிற ஒவ்வொரு புள்ளிக்கும், நாலைந்தாக நடும் இடத்தில், 14 நாள் நாற்றை ஒன்றே ஒன்றாக, 25 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு நடணுமாம். பேச்சு முற்றி, "உன் பங்கில் என்னவோ செய்துகொள்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நட்ட அன்று அவன் வயலில் சேறுதான் தெரிந்தது. நாற்பதாம் நாள் இறங்கி ஒரு குத்தைப் பிடித்து எண்ணினேன், 34 தூர், அதாவது அடியிலிருந்து கிளைத்த தண்டுகள். என் வயலில் 12. நாலு நாற்று சேர்ந்து நின்றால் பலம் என்று நினைத்திருந்தேன், அவை வெயிலுக்கும் உரத்துக்கும் ஒன்றோடொன்று போட்டி போட்டிருக்கின்றன. வரப்பிலேயே, "நான் சொன்னது தப்புடா" என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை, தான் உருட்டிக்கொண்டிருந்த கோனோ வீடரை, களையை அமுக்கும் கைக்கருவியை, என் கையில் கொடுத்தான்.

மறு வருஷம் என் வயல் முழுக்க அதே முறை. நடவுக்கு வந்த பெண்கள் முடியாது என்றார்கள். கூலியை ஏற்றத்தான் இப்படிப் பேசுகிறார்கள் என்று எனக்கு ஆத்திரம். அதில் மூத்த அக்கா, "நீங்க ஒரு வரிசை நட்டுப் பாருங்க தம்பி" என்றார். நட்டேன். தீக்குச்சியை விட மெல்லிய நாற்று, அடியில் விதை இன்னும் ஒட்டியிருக்கிறது, வேர் மடங்காமல் மண்ணோடு மேலாக வைக்கணும், கயிற்றில் அடையாளம் பார்த்துப் பார்த்து. நாற்று முடியை, அதாவது நாற்றுக் கட்டை, கையில் பிடித்துக் கடகடவென்று நடுகிற வேலையே இல்லை இது. ஒரு வரிசைக்கே இடுப்பு விட்டுப்போனது. ஏக்கர் கணக்குக்குப் பேசிய கூலியில் அவர்களுக்கு நாள்தான் கூடுகிறது, காசு கூடவில்லை. அன்றே நாள் கூலிக்கு மாற்றினேன்.

அப்புறம் அந்த அக்கா, "களைக்கு இனிமே எங்களைக் கூப்பிட மாட்டீங்களே, மிஷின் வந்துடுச்சே" என்று கேட்டார். வீடரை உருட்டுவது ஆண்கள். குத்தை ஒட்டிய களைக்கு மட்டும் இன்றும் அவர்களைக் கூப்பிடுகிறேன், அது இரண்டு நாள் வேலை, முன்பு கிடைத்ததில் பாதிகூட வராது.