கிட்னி நல்ல கிட்னிதான்

நேயர்களுக்கு வணக்கம். சென்னையில் பல வருடங்களாக ஈரல் நோயாளிகளைப் பார்த்துவருகிறேன். அவர்கள் வீட்டார் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான்: "லிவர்தானே கெட்டுப்போச்சு டாக்டர், கிட்னி ஏன் நின்னுச்சு?"

வியாசர்பாடியிலிருந்து ஓர் ஆட்டோக்காரர் வந்தார். ஈரல் சுருங்கி வயிற்றில் நீர் கட்டியிருந்தது. பெரியவர்கள் மகோதரம் என்பார்களே, அதுதான். முதுகு வலிக்கிறதென்று மருந்துக்கடையில் டைக்ளோஃபினாக் வாங்கி இரண்டு நாள் போட்டிருக்கிறார். அவர் மனைவி தினமும் சிறுநீரை ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் அளந்து நோட்டில் குறித்துவைப்பவர். மூன்றாம் நாள் அந்த நோட்டோடு வந்து நின்றார். "முழு பாட்டில் வரும் டாக்டர், நேத்து கால் பாட்டில்கூட இல்ல." எந்த ரத்தப் பரிசோதனைக்கும் முன்னால் அந்த நோட்டு சொல்லிவிட்டது. இன்றும் என் நோயாளிகளின் வீட்டாரிடம் அப்படியொரு நோட்டுப் போடச் சொல்கிறேன்.

ஸ்கேனில் அவர் கிட்னி நன்றாகவே இருந்தது. பிறகென்ன? கோடையில் நம் தெருவை நினைத்துக்கொள்ளுங்கள். முன்வீடுகளில் மோட்டார் போட்டு இழுத்தால் கடைசி வீட்டுக் குழாயில் காற்றுதான் வரும். குழாயில் பழுதில்லை. ஈரல் இறுகும்போது குடலைச் சுற்றிய ரத்தக்குழாய்கள் விரிந்து ரத்தத்தை அங்கேயே வைத்துக்கொள்கின்றன. உடம்பெல்லாம் நீர், கிட்னிக்கு மட்டும் வறட்சி. அது தன் ரத்தக்குழாய்களை இறுக்கிக்கொள்கிறது. அந்த இறுக்கத்தைச் சற்றுத் தளர்த்திவைக்கும் சுரப்பைத்தான் வலி மாத்திரை தடுத்துவிடுகிறது.

இப்படி நின்றுபோன கிட்னிகளை, அந்த நோயாளிகள் இறந்தபின் வேறு நோயாளிகளுக்குப் பொருத்திப் பார்த்தார்கள். அவை வேலை செய்தன! 1969இல் அமெரிக்காவில் வெளியான செய்தி இது. கிட்னி நல்ல கிட்னிதான். மறுபடியும் சொல்கிறேன், கிட்னி நல்ல கிட்னிதான்.

ஆட்டோக்காரருக்கு வலி மாத்திரையையும் நீர் பிரியும் மாத்திரையையும் நிறுத்தி, அல்புமின் என்ற ரத்தப் புரதத்தை ஏற்றினோம். ஐந்தாம் நாள் பாட்டில் பாதிக்கு மேல் நிறைந்தது. அதற்கும் அசையாதவர்களுக்கு, விரிந்த குழாய்களைச் சுருக்க டெர்லிபிரெசின் கொடுக்கிறோம்.

கிரியாட்டினின் விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். அது தசையிலிருந்து வரும் கழிவு; கிட்னி வெளியேற்றாவிட்டால் ரத்தத்தில் ஏறும். தசை கரைந்து கைகால் மெலிந்தவருக்கு அந்த எண் குறைவாகவே காட்டும். 0.7 இருந்தவருக்கு இரண்டே நாளில் 1.2 ஆனால், ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று இருந்தாலும் ஓடி வாருங்கள். காய்ச்சல், வயிற்றுவலி வந்தாலும் அன்றே வாருங்கள், வயிற்று நீரில் கிருமி சேர்ந்திருக்கலாம்.

நேரம் முடிகிறது என்கிறார்கள். ஈரல் மாற்று பற்றித்தான் விரிவாகப் பேச நினைத்தேன். புது ஈரல் வைத்தால் பெரும்பாலும் கிட்னியும் மீளும். வாரக்கணக்கில் டயாலிசிஸில் கிடந்துவிட்டால் கிட்னியையும் சேர்த்து மாற்ற வேண்டிவரலாம். மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளைப் பகிர 2008 முதல் தமிழ்நாட்டில் அரசுத் திட்டம் இருக்கிறது. பட்டியலில் பெயர் சேர்ப்பது பற்றி, சிறுநீர் குறையும் முன்பே உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். வணக்கம்.