பதினாலு ஊசி

நேயர்களுக்கு வணக்கம்.

ஆய்வுக்கூட விலங்குகளைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். சேலத்தில் 31 ஆண்டுகள் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவன் நான். ஆனால் இதில் எனக்கு அக்கறை பிறந்தது கல்லூரியில் இல்லை, ஏற்காடு பஸ்ஸில்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பா ஏற்காட்டில் காப்பித் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை. ஒருநாள் தெருநாய் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. அம்மாயி ஓடிவந்து மிளகாயை அரைத்து அப்பினார். யாரும் அப்படிச் செய்யாதீர்கள். நாய் கடித்தால் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனசு வராது.

மறுநாளிலிருந்து தினமும் அம்மாயியோடு சேலத்துக்கு இறங்கினேன். கொண்டை ஊசி வளைவு இருபது. ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வருவேன். கடைசி வளைவு வந்ததும் வயிற்றைக் கலக்கும். ஆஸ்பத்திரியில் ஸ்டவ் மேல் தட்டில் ஊசிகள் கொதித்துக்கொண்டிருக்கும். சட்டையைத் தூக்கி, தொப்புளைச் சுற்றி, நேற்றுப் போட்ட இடத்தைத் தவிர்த்துப் போடுவார்கள். "அழுவாத கண்ணு, இன்னும் ஒம்பது நாளுதான்" என்பார் அம்மாயி. மொத்தம் பதினாலு. ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் பலருக்கு இது நினைவிருக்கும்.

அந்த ஊசி மருந்து எங்கிருந்து வந்தது? செம்மறியாட்டு மூளையிலிருந்து. 1911-ல் டேவிட் செம்பிள் என்பவர் இமாச்சலத்து மலையூரான கசௌலியில் உருவாக்கிய முறை அது. ஆட்டுக்கு வெறிநோய்க் கிருமியைச் செலுத்தி, நோய் முற்றியதும் மூளையை எடுத்து அரைத்து, பீனால் கலந்து கிருமியைச் செயலிழக்கச் செய்வார்கள். எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றிய மருந்துதான். ஆனால் மூளைத் திசு கலந்திருந்ததால் ஊசி போட்டுக்கொண்ட சிலருக்குப் பக்கவாதம் போலக் கை கால் விழுந்தது. ஆட்டுக்கும் வேதனை, மனிதருக்கும் ஆபத்து.

இன்று கையில் நாலைந்து ஊசியோடு முடிகிறது. அதற்குக் காரணம் செல் வளர்ப்பு. 1962-ல் ஜப்பானில் ஒரு குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த செல்கள் கண்ணாடிக் குடுவைக்குள் பெருகிப் பெருகி இன்றும் வாழ்கின்றன. வீரோ செல் என்று பெயர். அந்தச் செல்லில் கிருமியை வளர்த்துத் தடுப்பூசி செய்கிறார்கள். நம் குன்னூர் பாஸ்டர் நிறுவனமும் இந்தச் செல்லுக்கு மாறியது. 2004-ஓடு இந்தியாவில் ஆட்டு மூளை மருந்து தயாரிப்பது நின்றது.

1962 எங்கே, 2004 எங்கே? நாற்பது வருஷம்! இடைப்பட்ட காலத்தில் ஆட்டின் மேல் இரக்கப்பட்டவர்கள் இல்லாமலா போனார்கள்? மாற்று முறையை உருவாக்கவும், அது பழையதற்குச் சமம் என்று நிரூபிக்கவும் காசு வேண்டும். இந்த 'நிரூபிக்க' என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை மண்டியில் புதுத் தராசு வாங்கினால் முத்திரை போடாமல் வியாபாரம் செய்ய முடியுமா? ஆய்வு முறைக்கும் அப்படித்தான். பழைய முறையையும் புதிய முறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பல ஆய்வுக்கூடங்களில், வருஷக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். புதுமருந்து கண்டுபிடிக்கிறேன் என்றால் நிதி கிடைக்கும். ஒரு சோதனைக்கு முத்திரை வாங்கித் தருகிறேன் என்றால் யார் கொடுப்பார்கள்? வெறிநோய்த் தடுப்பூசியையே பாருங்கள். தயாரிப்பில் ஆடு போய்விட்டது. ஆனால் அதன் வீரியத்தைச் சோதிக்க, சுண்டெலிகளுக்கு ஊசி போட்டு, பிறகு அவற்றின் மூளையிலேயே கிருமியைச் செலுத்திப் பார்க்கும் முறை பல இடங்களில் இன்னும் இருக்கிறது. எலிசா என்ற சோதனைத் தட்டில் அதே வீரியத்தை அளக்க வழி உண்டு. பல இடங்களில் முத்திரைக்குத்தான் காத்திருக்கிறது.

விலங்குச் சோதனைக்குப் பதிலீடு, குறைப்பு, செம்மை என்று மூன்றைச் சொன்னார்கள் ரஸ்ஸல், பர்ச் என்ற இரண்டு ஆங்கிலேய விஞ்ஞானிகள், 1959-ல். விலங்குக்குப் பதில் வேறு வழி. முடியாவிட்டால் எண்ணிக்கையைக் குறை. அதுவும் முடியாவிட்டால் வேதனையைக் குறை. மூன்றாவது சின்ன விஷயம் என்று நினைத்துவிட வேண்டாம். சுண்டெலியை வாலைப் பிடித்துத் தூக்குவதுதான் ஆய்வுக்கூட வழக்கம். நானும் அப்படித்தான் தூக்கினேன், மாணவர்களுக்கும் அப்படித்தான் கற்றுக்கொடுத்தேன். 2010-ல் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் பார்த்தார்கள்: வாலைப் பிடித்தால் எலி பயந்து ஒதுங்குகிறது, ஒரு குழலை நீட்டினால் தானே உள்ளே வருகிறது, குழலோடு தூக்கினால் பதற்றமில்லை. ஜவுளிக்கடையில் துணி சுற்றி வைக்கும் அட்டைக் குழல் இருக்கிறதே, அதைச் சின்னதாக நறுக்கிய மாதிரி ஒன்று. அவ்வளவுதான். பயந்த எலி சோதனையில் தரும் விடையும் கோணலாகத்தான் இருக்கும். எத்தனை வருஷம் அந்த வாலைப் பிடித்தோம்!

நேரம் நெருங்கிவிட்டது. பிரிட்டனில் இந்த மூன்றுக்கென்றே 2004-ல் ஒரு தேசிய மையம் தொடங்கினார்கள். 2011 முதல் அங்கே மருந்துக் கம்பெனிகள் தங்கள் சிக்கலைச் சொல்ல, தீர்வு கொண்டுவருபவர்களுக்குப் போட்டி வைத்து நிதி தருகிறார்கள். நம்மிடமும் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் 2009-லேயே மாற்று முறைகளுக்கு மையம் பிறந்தது. 2023-ல் புதுமருந்து விதிகளைத் திருத்தி, செல், உறுப்புச் சில்லு (ஒரு சின்னச் சில்லுக்குள் மனித செல்களை வளர்த்து உறுப்பைப் போல இயங்க வைப்பது) போன்ற சோதனைகளுக்கும் இடம் கொடுத்துவிட்டார்கள். சட்டம் வழிவிட்டாயிற்று, அந்த முத்திரைக்கான பணத்தைத்தான் அரசும் கம்பெனிகளும் தனியாக ஒதுக்க வேண்டும். உறுப்புச் சில்லு பற்றி விரிவாகச் சொல்ல எழுதி வந்தேன், இன்னொரு நாள் கூப்பிட்டால் சொல்கிறேன். வணக்கம்.